பார்த்தீனியமும் மெக்சிகன் வண்டும்: இரண்டின் நாள்கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

வேலியோரம், தண்டவாளத்து ஓரம், பள்ளி மைதானத்தின் மூலை, உழாமல் கிடக்கும் தரிசு என்று எங்கும் நிற்கும் பார்த்தீனியச் செடியை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதன் இலையில் உட்கார்ந்து தின்னும் கோடு போட்ட சின்ன வண்டைத்தான் பலர் கவனிப்பதில்லை. கவனித்தவர்களிலும் பலர், பயிரைத் தின்ன வந்த பூச்சி என்று எண்ணி மருந்தடித்துவிடுகிறார்கள். அந்த வண்டு இந்தச் செடிக்காகவே கடல் கடந்து கொண்டுவரப்பட்டது.

இரண்டுக்கும் சொந்த ஊர் மெக்சிகோ பக்கம். செடி முதலில் வந்துவிட்டது. 1950-களின் நடுவில் புனேயில் களையாகக் கண்ணில் பட்டது. அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கோதுமையோடு வந்திருக்கும் என்று பரவலாகச் சொல்வார்கள். வண்டு வர முப்பது ஆண்டு பிடித்தது. பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 1983-ல் அதைத் தருவித்து, அடைத்துவைத்துச் சோதித்துப் பார்த்து, 1984-ல் வெளியில் விட்டது. பெங்களூருவைச் சுற்றிப் பெருகி, அங்கிருந்து நாட்டின் பல பகுதிகளுக்கும் போயிற்று.

செடியின் பெயர் பார்த்தீனியம் ஹிஸ்டரோஃபோரஸ். சூரியகாந்தி, சாமந்தி எல்லாம் சேர்ந்த குடும்பம். வண்டின் பெயர் சைகோகிராமா பைகலரேட்டா. இலை தின்னும் வண்டுக் குடும்பம். ஒன்று செடி, ஒன்று பூச்சி. உருவத்தை வைத்து ஒப்பிட இதில் ஒன்றுமில்லை. ஒப்பிட வேண்டியது இரண்டின் நாள்கணக்கை. செடி எத்தனை நாளில் பூக்கிறது, வண்டு எத்தனை நாளில் ஒரு தலைமுறை பெருகுகிறது என்று பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், உங்கள் நிலத்தில் எந்த மாதம் கையால் பிடுங்க வேண்டும், எந்த மாதம் வண்டை நம்பிக் கையைக் கட்டிக்கொள்ளலாம் என்பது தெரிந்துவிடும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் உடம்புக்குப் பாதுகாப்பு

இதைத் தாண்டிப் போகாதீர்கள். பார்த்தீனியத்தின் இலை, தண்டு, பூத்தூள் எல்லாவற்றிலும் பார்த்தீனின் என்ற வேதிப்பொருள் உண்டு. சிலருக்குத் தொட்ட உடனே ஒன்றும் ஆகாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பழகிய பிறகு திடீரென்று ஒவ்வாமை வரும். இமை, கழுத்து மடிப்பு, முழங்கை உட்பக்கம் ஆகிய இடங்களில் அரிப்பும் தடிப்பும் வருவது அதன் அடையாளம். மூச்சிரைப்பு, விடாத தும்மலும் வரும். ஒருமுறை வந்துவிட்டால் செடியைத் தொடாவிட்டாலும் காற்றில் வரும் தூளே போதும், மறுபடியும் வரும்.

ஆகவே முழுக்கைச் சட்டை, முழு நீளப் பேன்ட், முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம். துணிக் கையுறை வேண்டாம், சாறு ஊறி உள்ளே இறங்கிவிடும். வேலை முடிந்ததும் சட்டையைத் தனியாகத் துவைத்து, சோப்புப் போட்டுக் கையையும் முகத்தையும் கழுவுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும், ஏற்கெனவே இந்தச் செடியால் அரிப்பு வந்தவர்களும் எண்ணும் வேலைக்கு வரக் கூடாது. வீட்டில் இருந்து கணக்கு எழுதட்டும். பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்வதென்றால் பூ வருவதற்கு முன்பு மட்டும், அதுவும் பார்ப்பதோடும் எழுதுவதோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். பிடுங்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுப்பது பெரிய தவறு.

மற்றபடி தேவைப்படுவது கொஞ்சம்தான்: நான்கு மீட்டர் நைலான் கயிறும் நான்கு முளைக்குச்சியும் (கட்டினால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சட்டம்), ஒரு நோட்டு, பென்சில், கையடக்க லென்ஸ், ஒரு பழைய குடை, மூடியுள்ள அட்டைப்பெட்டி அல்லது பிளாஸ்டிக் டப்பா. மழையில் பேனா மை கரையும், அதனால்தான் பென்சில்.

செடியைப் படிப்பது

நான்கு பருவங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நோட்டில் எழுத எளிது.

முளை: மழை விழுந்த ஒரு வாரத்துக்குள் வரும். இரண்டு வட்டமான விதையிலை, அதற்கு மேல் வெட்டுப்பட்ட இலை. இந்த நிலையில் சாமந்திக் கன்று என்றும் காஸ்மாஸ் என்றும் ஏமாறுவார்கள். இலையைக் கசக்கினால் துலுக்கச் சாமந்திக்கு நெடியான மணம் வரும். இதற்கு அந்த மணம் கிடையாது.

தரைவட்டம்: இலைகள் தட்டு போலத் தரையோடு படிந்து விரியும் பருவம். ஒரு இலை 20 சென்டிமீட்டர் வரை நீளும். பார்க்கக் கேரட் இலை போல இருப்பதால்தான் சிலர் இதைக் கேரட் புல் என்கிறார்கள். தன் தட்டுக்குக் கீழே வேறு எதையும் முளைக்க விடாது. இந்தப் பருவத்தில் பிடுங்குவதுதான் மிகச் சுலபம்: ஈர மண்ணில் ஆணிவேர் முழுதாக வரும், பூத்தூள் இருக்காது.

தண்டெழுச்சி: நடுவிலிருந்து தண்டு கிளம்பும். தண்டில் நீளவாக்கில் பள்ளக் கோடுகள் ஓடும், மெல்லிய மயிர் படர்ந்திருக்கும். நல்ல ஈரத்தில் ஆளுயரத்தைத் தொடும். வறண்ட இடத்தில் முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும். உயரத்தை வைத்து வயதைக் கணிக்காதீர்கள்.

பூ: வெள்ளைப் பூ என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு பூங்கொத்து. அரை சென்டிமீட்டர்கூட இருக்காது. லென்ஸ் வைத்துப் பாருங்கள்: நடுவில் திரண்ட சிறு பூக்கள், விளிம்பில் ஐந்து மூலைகளில் ஐந்து குட்டி இதழ்கள். விதை பிடிப்பது அந்த ஐந்து மூலைப் பூக்களில் மட்டும். ஆக ஒரு கொத்துக்கு ஐந்து விதை. குறைவாகத் தெரிகிறதா? நன்றாக வளர்ந்த ஒரு செடி 15,000 முதல் 25,000 விதை வரை உதிர்க்கும். விதை கறுப்பாக, 2 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். டயர் சேற்றில் ஒட்டும், வாய்க்கால் நீரில் மிதக்கும், வைக்கோலோடும் எருவோடும் கட்டட மணலோடும் ஊர்விட்டு ஊர் போகும். மண்ணுக்குள் புதைந்தால் பல ஆண்டு உயிரோடு கிடக்கும்.

முளைத்த நாளிலிருந்து 4 முதல் 6 வாரத்தில் முதல் பூ. இந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதிவையுங்கள். எல்லாக் கணக்கும் இதை ஒட்டித்தான்.

வண்டைப் படிப்பது

வளர்ந்த வண்டு 5 முதல் 6 மில்லிமீட்டர், ஒரு துவரம்பருப்பு அளவு. தலையும் கழுத்துப் பகுதியும் பழுப்பு. முதுகில் வெளிர் மஞ்சளான, பால்நிறத்துக்கு நெருங்கிய இறக்கை உறை. அதில் நீளவாக்கில் கரும்பழுப்புக் கோடுகள், நேர்கோடாக இல்லாமல் வளைந்து நெளிந்து ஓடும். ஆண் சற்றுச் சிறியது, பெண் சற்றுப் பெரியது. ஒன்றன் மேல் ஒன்றாகக் காணும்போது இது எளிதில் தெரியும்.

பொறிவண்டோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பொறிவண்டுக்குப் புள்ளி, இதற்குக் கோடு. கத்தரி இலையைச் சல்லடையாக்கும் இருபத்தெட்டுப் புள்ளி வண்டு வேறு. பூசணியில் வரும் செம்மஞ்சள் வண்டுக்குக் கோடே கிடையாது. இணையத்தில் தேடினால் உருளைக்கிழங்கைத் தின்னும் கொலராடோ வண்டின் படம் வந்து பயமுறுத்தும். உறவுதான், ஆனால் அது பெரிது, அதன் கோடுகள் நேரானவை, அது இந்தியாவில் இல்லை.

முட்டை வெளிர் மஞ்சள், நீள்வடிவம். இலையின் அடிப்பக்கத்தில் தனித்தனியாகவோ நான்கைந்து சேர்ந்தோ ஒட்டியிருக்கும். மேலிருந்து குனிந்து பார்த்தால் தெரியாது, இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பொரிய 4 முதல் 6 நாள்.

புழு இளமையில் மஞ்சள். வளர வளர வெளுத்துக் கொழுத்து, முதுகு கூன் போட்டது போல இருக்கும். முன்பக்கம் ஆறு கால். குஞ்சுப் புழு நேராக நுனிக் கொழுந்துக்கும் கணுவிடுக்கில் உள்ள மொட்டுக்கும் போகிறது; வளர்ந்த பிறகுதான் இலைப்பரப்புக்கு வருகிறது. செடிக்கு உண்மையான அடி விழுவது இங்கேதான். இலை போனால் செடி மறுபடி துளிர்க்கும். கொழுந்தும் மொட்டும் போனால் பூவே தள்ளிப்போகும். வண்டு சல்லடையாக்கிய இலையைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள், கொழுந்துக்குள் தலையைப் புதைத்துக் கிடக்கும் அந்தக் கடுகளவு மஞ்சள் புழுவைத் தேடிப் பார்க்க வேண்டும். கொழுந்தை இரண்டு விரலால் மெல்ல விலக்குங்கள். உள்ளே ஈரமான கறுப்புத் துகள் இருந்தால் அது புழுவின் எச்சம். புழு பக்கத்திலேயே இருக்கும்.

10 முதல் 15 நாள் தின்றுவிட்டுப் புழு மண்ணுக்குள் இறங்கும். 15 சென்டிமீட்டர் ஆழம் வரை போய்க் கூட்டுப்புழுவாகும். 8 முதல் 12 நாளில் வண்டாக வெளியே வரும். முட்டையிலிருந்து வண்டு வரை கூட்டிப் பார்த்தால் சுமார் 4 வாரம். ஒரு பெண் வண்டு வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேல் முட்டையிடக் கூடியது.

அடுத்தது மிக முக்கியம்: உறக்கம். மழைக்காலம் முடிந்து ஈரம் குறையும்போது, பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில், வண்டுகள் மண்ணுக்குள் இறங்கிச் செயலற்றுக் கிடக்கும். மே, ஜூன் மழையில் மண் இளகியதும் மேலே வரும். ஆறேழு மாதம் ஒரு துணுக்கு இலையும் தின்னாமல் கிடக்கும் உயிர் இது. செடிக்கு இப்படிப்பட்ட உறக்கம் கிடையாது. ஈரம் இருந்தால் எந்த மாதமும் முளைக்கும்.

எண்ணுவது

வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, காலை ஏழு மணி முதல் ஒன்பது மணிக்குள். வெயில் ஏறாதபோது வண்டுகள் மந்தமாக இருக்கும், தப்பாது.

நிலத்தில் பத்து இடங்களைத் தேர்ந்தெடுங்கள். செடி அடர்ந்த இடத்துக்கே கால் போகும். அதைத் தவிர்க்க ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக நடந்து, குறிப்பிட்ட அடிக்கு ஒருமுறை (இருபது அடி என்று வைத்துக்கொள்ளலாம்) நின்ற இடத்தில் சட்டத்தைப் போடுங்கள். சட்டத்தை வீசாதீர்கள், செடி ஆடியதும் வண்டு கால்களை மடக்கிக் கீழே விழுந்துவிடும். முதலில் தொடாமல் வண்டுகளை எண்ணுங்கள். பிறகு இலையைத் திருப்பி முட்டை, கொழுந்தைப் பிரித்துப் புழு. கடைசியில் செடிகள், பருவவாரியாக.

எடுத்துக்காட்டாக, பத்துச் சட்டங்களில் மொத்தம் 240 செடி, 18 வண்டு என்று வந்தால் சதுர மீட்டருக்கு 24 செடி, 1.8 வண்டு. நிலம் 20 மீட்டருக்கு 10 மீட்டர் என்றால் 200 சதுர மீட்டர். ஆக ஏறத்தாழ 4,800 செடி, 360 வண்டு. பதின்மூன்று செடிக்கு ஒரு வண்டு. இது ஜூலை முதல் வாரக் கணக்காக இருந்தால் இந்த முளைப்பை வண்டு தடுத்து நிறுத்தாது. செப்டம்பரில் இதே நிலத்தில் செடிக்கு இரண்டு வண்டு இருக்கலாம். அப்போது நீங்கள் கை வைக்கவே தேவையில்லை.

இலைச் சேதத்தையும் குறியுங்கள், ஆனால் யார் செய்தது என்று பார்த்துக் குறியுங்கள். வெட்டுக்கிளி ஓரத்திலிருந்து பெரிய பெரிய துண்டாகக் கடிக்கும், பக்கத்துப் புல்லையும் கடித்திருக்கும். மெக்சிகன் வண்டு தின்ற செடியில் நரம்பு மட்டும் மிஞ்சி எலும்புக்கூடு போல நிற்கும். பக்கத்தில் உள்ள மற்ற செடிகள் பச்சையாகவே இருக்கும். மருளூமத்தையை மட்டும் சில இடங்களில் கடிப்பதுண்டு.

இரண்டு நாள்கணக்கையும் பக்கத்தில் வைப்பது

நோட்டின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் செடி, வலப்பக்கம் வண்டு. உங்கள் ஊரில் ஜூன் 10 அன்று மண் நனையும்படி மழை பெய்ததாக வைத்துக்கொள்வோம்.

செடி: ஜூன் 16 வாக்கில் முளை. ஜூலை தொடக்கத்தில் தரைவட்டம். ஜூலை 15-லிருந்து மாதக் கடைசிக்குள் பூ. அதற்குப் பிறகு சாகும்வரை பூத்துக்கொண்டும் உதிர்த்துக்கொண்டும் இருக்கும்.

வண்டு: ஜூன் நடுவில் மண்ணிலிருந்து வெளியேறும். சில நாள் தின்று தெம்பேற்றிக்கொண்டு ஜூன் 24 வாக்கில் முட்டை. ஜூன் 29-ல் புழு. ஜூலை 11 வாக்கில் புழு மண்ணுக்குள். ஜூலை 21 வாக்கில் புது வண்டு. அது தின்று முட்டையிட்டு அடுத்த தலைமுறை வர ஆகஸ்ட் கடைசி.

இரண்டையும் பாருங்கள். புதுத் தலைமுறை வண்டு கண் திறக்கும் நேரத்தில் முதல் முளைப்புச் செடிகள் பூத்துவிட்டன. போன ஆண்டு உறங்கி எழுந்த கொஞ்ச வண்டுகளும் அவற்றின் புழுக்களும் மட்டும்தான் முதல் முளைப்போடு மோதுகின்றன. அவை போதாது. ஆகஸ்டில் மறுபடி மழை பெய்து இரண்டாம் முளைப்பு வரும்போது நிலைமை தலைகீழ்: வண்டு ஏராளம், செடி இளசு. தரைவட்டத்திலேயே தின்று தீர்த்துவிடும். மூன்றாவதாக ஐப்பசி மழையில் ஒரு முளைப்பு வரும். அப்போது வண்டு மண்ணுக்குள் இறங்கும் முனைப்பில் இருக்கும்.

ஆகவே வேலைப் பங்கீடு இப்படி வருகிறது. முதல் முளைப்பு உங்கள் கை வேலை. இரண்டாம் முளைப்பு வண்டின் வேலை. மூன்றாவது மறுபடியும் உங்களுடையது. ஓசூர், கிருஷ்ணகிரி போலத் தென்மேற்குப் பருவ மழையும் கிடைக்கும் இடங்களில் இரண்டாம் பங்கு நன்றாகவே நடக்கும். வடகிழக்குப் பருவ மழையை மட்டும் நம்பிய மாவட்டங்களில் செடியின் பெரும் முளைப்பே ஐப்பசி, கார்த்திகையில்தான். வண்டுக்குக் கிடைக்கும் நாள் குறைவு. கை வேலையின் பங்கைக் கூட்டிக்கொள்ளத்தான் வேண்டும். "வண்டு விட்டோம், பலன் இல்லை" என்று சொல்பவர்களில் பலர் இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் சொல்கிறார்கள். தேதிகள் உங்கள் ஊர் மழையைப் பொறுத்து மாறும். மேலே உள்ளதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் மழை நாளிலிருந்து எண்ணுங்கள்.

முதல் முளைப்பைப் பிடுங்கும் முறை

மழை பெய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ, மண் ஈரமாக இருக்கும்போது, தரைவட்டப் பருவத்தில் வேரோடு பிடுங்குங்கள். அரிவாளால் அறுத்துவிட்டால் கழுத்திலிருந்து நான்கைந்து கிளை கிளம்பி முன்பைவிட விரைவில் பூக்கும். பூ வராத செடியைத் தாராளமாக எருக்குழியில் போடலாம். ஒரு அடுக்குச் செடி, அதன் மேல் சாணக் கரைசல், அதன் மேல் மண் என்று மாற்றி மாற்றி அடுக்கி, மேலே மண்ணால் பூசி மூடினால் நான்கைந்து மாதத்தில் எரு. பூத்த செடியை எருக்குழியில் போட வேண்டாம். குழி சரியாகச் சூடேறவில்லை என்றால் விதை பிழைத்து, எருவோடு வயல் முழுதும் போய்ச் சேரும்.

ஆனால் எல்லாவற்றையும் பிடுங்கிவிடாதீர்கள். இங்கேதான் அக்கறையுள்ளவர்களே தவறு செய்கிறார்கள். நிலத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டால் வண்டுக்குச் சோறில்லை. பட்டினியால் பறந்துவிடும் அல்லது செத்துவிடும். ஆகஸ்டில் வேலைக்கு ஆளிருக்காது. வீடு, பள்ளி, கிணறு, தொழுவம் ஆகியவற்றிலிருந்து தள்ளி, காற்று ஊருக்குள் அடிக்காத பக்கமாக, ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் துண்டு ஒன்றை விட்டுவையுங்கள். அதில் பூங்கொத்து தலைகாட்டும்போதெல்லாம், பத்து நாளுக்கு ஒருமுறை, நுனியை மட்டும் கிள்ளிப் பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். கிள்ளும் முன் அந்தக் கொழுந்தில் புழு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் பக்கத்து இலைக்கு மாற்றிவிடுங்கள். கிள்ளக் கிள்ளச் செடி புதுத் துளிர் விடும், அது வண்டுக்கு நல்ல தீனி. இந்தத் துண்டுக்கு வண்டுத்தாய்நிலம் என்று பெயர் வைத்துப் பலகை நட்டுவிட்டால் நூறு நாள் வேலைக்கு வருபவர்கள் நல்லெண்ணத்தில் வெட்டிச் சாய்க்காமல் இருப்பார்கள்.

வண்டே இல்லாத இடத்துக்கு வண்டு கொண்டுபோவது

முதலில் உண்மையில் இல்லையா என்று பாருங்கள். ஜூலையில் கண்ணில் படாதது செப்டம்பரில் வரலாம். இரண்டு மழைக்காலம் எண்ணியும் ஒன்றும் காணவில்லை என்றால் கொண்டுவரலாம்.

ஆகஸ்ட், செப்டம்பரில், வண்டு மொய்த்திருக்கும் இடத்துக்குக் காலையில் போங்கள். குடையைத் தலைகீழாக விரித்துச் செடிக்குக் கீழே பிடித்துத் தண்டை இரண்டு முறை தட்டுங்கள். வண்டுகள் தாமே உதிரும். ஒவ்வொன்றாகப் பொறுக்கினால் பொழுது போய்விடும். அட்டைப்பெட்டியில் ஊசியால் துளை போட்டு, அடியில் செய்தித்தாள் விரித்து, பூ இல்லாத பார்த்தீனிய இலை கொஞ்சம் வைத்து, அதன் மேல் வண்டுகளைக் கொட்டுங்கள். ஒரு காலணிப் பெட்டிக்கு இருநூறுக்கு மேல் வேண்டாம். இலையில் நீர்த்துளி இருக்கக் கூடாது; பெட்டிக்குள் வியர்த்து வண்டு ஒட்டிச் சாகும். பெட்டியைக் காரின் பின்பெட்டியில், வெயிலில் வைக்காதீர்கள்.

போடும் இலையில் வெள்ளையாக மாவு படிந்திருந்தால் அந்த இலையைத் தூக்கிப் போடுங்கள். அது மாவுப்பூச்சி. பருத்தியையும் வெண்டையையும் கெடுக்கும் மாவுப்பூச்சிக்குப் பார்த்தீனியம் நல்ல புகலிடம். வண்டு கொண்டுபோகிறோம் என்று மாவுப்பூச்சியைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோனவர்களாக ஆகிவிடக் கூடாது.

ஓர் இடத்துக்கு 500 முதல் 1,000 வண்டு வரை விடுவது நல்லது. ஐம்பது ஐம்பதாகப் பத்து இடத்தில் தூவினால் ஆணும் பெண்ணும் சந்திக்காமல், எறும்புக்கும் சிலந்திக்கும் இரையாகி, எங்குமே நிலைக்காது. பூக்காத இளஞ்செடி அடர்ந்த, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரே இடத்தில், மாலை வெயில் தணிந்த பின் விடுங்கள். பெட்டியைச் செடிகளுக்கு நடுவில் சாய்த்து வைத்துவிட்டு வந்துவிடலாம், தாமே ஏறிக்கொள்ளும். பெருமழை வரும் அறிகுறி இருந்தால் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள்.

இது உள்நாட்டில், அருகருகே உள்ள ஊர்களுக்குள் செய்வது. நாடு விட்டு நாடு பூச்சி கொண்டுபோவது சட்டப்படி அரசின் அனுமதியோடு மட்டும் நடக்க வேண்டியது. யாழ்ப்பாணம், வவுனியாப் பக்கமும் இந்தச் செடி உண்டு. அங்குள்ளவர்கள் தங்கள் விவசாயத் திணைக்களத்தைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஆயிரம் வண்டு கிடைக்கவில்லையா?

செடிமேலேயே வலை கட்டி வளர்க்கலாம். பூக்காத செடிகள் அடர்ந்த இடத்தில் நான்கு கழி நட்டு, ஆள் உயரக் கொசுவலையைக் கவிழ்த்து, ஓரங்களை மண்ணால் மூடுங்கள். உள்ளே முப்பது நாற்பது வண்டு விட்டால் போதும். ஒரு மாதத்தில் புதுத் தலைமுறை வரும். கட்டும் முன் உள்ளே இருக்கும் எறும்புப் புற்றையும் சிலந்தியையும் அகற்றுங்கள். இலை தீர்ந்துபோனால் வெளியிலிருந்து கொத்தாகப் பறித்து, தண்ணீர் நிரப்பிய பாட்டிலில் செருகி உள்ளே வையுங்கள். பாட்டில் வாயைப் பஞ்சால் அடைக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் புழுக்கள் தண்டு வழியே இறங்கித் தண்ணீரில் விழும்.

வாளியில் வளர்க்கிறவர்கள் அடியில் ஒரு சாண் ஆழத்துக்கு மணல் கலந்த மண் போட வேண்டும். மண் கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும், அந்தப் பதம். சொதசொதவென்று இருந்தால் கூட்டுப்புழு பூஞ்சணம் பிடித்து வெள்ளையாகிச் சாகும். காய்ந்து இறுகினால் புழு இறங்க முடியாமல் மேலேயே சுருண்டு கிடக்கும். வாளியைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் எறும்பு வராது. கடைசிப் பருவப் புழுக்கள் தின்பது முந்தைய பருவங்கள் எல்லாம் சேர்ந்து தின்பதைவிட அதிகம். காலையில் வைத்த இலை மாலையில் தண்டாகக் கிடக்கும். அந்த நான்கைந்து நாளில் ஒரு வேளை தவறினாலும் பாதி புழு போய்விடும்.

பலன் இல்லாமல் போவதற்கான காரணங்கள்

பக்கத்து வயலில் அடித்த பூச்சிமருந்து காற்றில் வந்து விழுவது முதல் காரணம். வண்டுத் துண்டுக்கும் மருந்தடிக்கும் வயலுக்கும் நடுவே நல்ல இடைவெளி வேண்டும். இரண்டாவது, உழவு. புழு மண்ணுக்குள் இறங்கிய சமயத்தில் டிராக்டர் ஓட்டினால் ஒரு தலைமுறையே மேலே வந்து காக்கைக்கும் மைனாவுக்கும் போகும். மூன்றாவது, உப்பு. லிட்டருக்கு 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்துத் தெளித்தால் செடி காயும் என்பது உண்மை; ஆனால் வண்டு இருக்கும் செடியில் தெளித்தால் அதற்குத் தீனி போய்விடும், விளைநிலத்தில் தெளித்தால் மண் கெட்டுவிடும். சாலையோரக் கருங்கல் இடுக்கு போன்ற இடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான்காவது, வெற்றிடம். வண்டு தின்று தீர்த்த இடத்தில் வேறு எதுவும் இல்லாவிட்டால் மறுபடி பார்த்தீனியம்தான் முளைக்கும். தகரை, கொழிஞ்சி, ஆவாரை விதைகளை மழைக்கு முன்பே தூவிவையுங்கள். தகரை தன் நிழலால் பார்த்தீனிய முளையை அமுக்கிவிடும். வண்டு இவற்றைத் தொடாது என்பதால் இரண்டும் ஒரே இடத்தில் ஒத்துப்போகும்.

சூரியகாந்தி போட்டிருக்கிறவர்களுக்கு

1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் இந்த வண்டு சூரியகாந்தி இலையைக் கடித்ததைப் பார்த்து விவசாயிகள் கலங்கினார்கள். மேலும் விடுவதா வேண்டாமா என்று பெரிய விவாதமே நடந்தது. அந்தக் கலக்கம் நியாயமானது. செடிக்கும் பயிருக்கும் குடும்பம் ஒன்று. ஆராய்ந்து பார்த்ததில், பக்கத்தில் பூத்து நின்ற பார்த்தீனியத்தின் பூத்தூள் சூரியகாந்தி இலையில் படிந்ததுதான் வண்டைக் கடிக்கத் தூண்டியது என்று தெரிந்தது. சூரியகாந்தியை மட்டும் தின்று தலைமுறை பெருக்க அதனால் ஆகவில்லை.

நடைமுறையில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சூரியகாந்தி வயலின் வரப்பிலும் ஓரத்திலும் பார்த்தீனியத்தைப் பூக்க விடாதீர்கள். வண்டுத்தாய்நிலத்தை அந்த வயலுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வரப்போரத்தில் வண்டு தின்றுகொண்டிருக்கும் பார்த்தீனியத்தை ஒரே நாளில் மொத்தமாக வெட்டிச் சாய்த்தால் பசித்த வண்டுகள் வயலுக்குள் ஏறித் தடவிப் பார்க்கும். இரண்டு மூன்று தவணையாகப் பிடுங்குங்கள்.

மழை ஓய்ந்த பிறகு

நவம்பரில் வாரக் கணக்கை நிறுத்திவிடாதீர்கள். வண்டு எண்ணிக்கை சட்டென்று விழும் வாரத்தைக் குறியுங்கள். செத்துப்போகவில்லை, இறங்கிவிட்டன. கடைசியாக எங்கே அடர்த்தியாக இருந்தனவோ அந்த இடத்தின் நான்கு மூலையிலும் கல் நட்டுச் சுண்ணாம்பு பூசுங்கள். அந்த இடத்தில் உழவு, குழி தோண்டல், குப்பை எரித்தல், மண் அள்ளுதல் எதுவும் அடுத்த வைகாசி வரை கூடாது. சுற்றிலும் உள்ள ஐப்பசி முளைப்பை மார்கழிப் பனிக்குள் கையால் பிடுங்கி முடியுங்கள். கோடை மழை எப்போது பெய்தாலும், பெய்த மூன்றாம் நாள் காலையில் நோட்டோடு அந்தக் கல்லருகே போய் நில்லுங்கள். கணக்கின் முதல் வரி அங்கிருந்துதான் மறுபடி தொடங்குகிறது.